உடன்பாட்டுக்கும் ஆட்சிக்கும் இடையில்
சிம்பாப்வே எதிர்க்கட்சியின் ஐந்து மாதங்கள் (2008–2009)

அரசியல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஆட்சியிலிருந்தோரின் செயல்களையே விரித்துரைப்பர். எதிர்க்கட்சியின் வரலாறு அது வென்றபோது மாத்திரம் நூல்களில் இடம்பெறும். ஆயின், வெற்றியுமின்றித் தோல்வியுமின்றி ஓர் எதிர்க்கட்சி இடைநடுவில் நிற்கும் காலங்களும் உள. தேர்தலில் மக்கள் ஆதரவைப் பெற்றிருந்தும் ஆட்சியைக் கைப்பற்றும் வலிமை அதற்கில்லை. ஆட்சியாளரிடம் படைபலம் இருந்தும் நாட்டை நடத்தும் ஆற்றல் இல்லை. இரு சாராரும் ஆட்சியைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டு, பங்கீட்டிற் பிணங்கி, பேச்சு நின்றுவிடும் அக்காலத்தில் எதிர்க்கட்சி மேற்கொள்ளத்தக்க நெறி யாது? உள்ளே புகுவதா, வெளியே நிற்பதா? காத்திருந்தால் அதன் கை வலுப்பெறுமா, தளருமா? காத்திருப்பதன் விலையை யார் கொடுப்பர்?

இவ்வினாக்களுக்கு விடைகாண்பதற்குச் சிம்பாப்வேயில் 2008 செப்ரெம்பர் 15 முதல் 2009 பெப்ரவரி 11 வரை கழிந்த ஐந்து மாதங்களைப்போல் உதவும் எடுத்துக்காட்டுகள் சிலவே. வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அம்மூன்று தலைப்புகளையும் அளவுகோலாகக்கொண்டு அவ்வைந்து மாதங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

1980ஆம் ஆண்டு சுதந்திரம் பெற்ற நாள்முதலாகச் சிம்பாப்வேயை ஆண்டவர் றொபேட் முகாபே. அவருடைய சானு கட்சிக்கு முதலில் போட்டியாக நின்றது யோசுவா நிக்கோமோவின் சாப்பு கட்சி. மத்தபெலலாந்து மாகாணங்களில் 1983 முதல் அரசபடை நிகழ்த்திய கொலைகளின் பின்னர், 1987 டிசெம்பர் 22ஆந் திகதி இரு கட்சிகளும் ஐக்கிய உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. நிக்கோமோ உதவிச் சனாதிபதியானார். அவருடைய கட்சியோ ஆளுங்கட்சியினுட் கரைந்து மறைந்தது. பின்வந்த எதிர்க்கட்சியார் பங்கீடு என்னும் சொல்லைக் கேட்டபோதெல்லாம் இந்நிகழ்ச்சியை நினைத்து அஞ்சினர்.

தொழிற்சங்கங்களை அடித்தளமாகக்கொண்டு 1999 செப்ரெம்பரில் மக்களாட்சி மாற்ற இயக்கம் தோன்றியது. தொழிற்சங்கப் பேரவையின் செயலாளர் நாயகமாயிருந்த மோர்கன் சுவாங்கிராய் அதன் தலைவரானார். 2000 பெப்ரவரியில் அரசாங்கம் முன்வைத்த அரசியலமைப்பு வரைவை மக்கள் தீர்ப்பிலே தோற்கடித்து, அதே ஆண்டு யூன் மாதத் தேர்தலில் 120 தொகுதிகளுள் 57இனை இவ்வியக்கம் வென்றது. 2005இல் மேற்சபைத் தேர்தலிற் போட்டியிடுவதா என்னும் வினாவால் அது இரண்டாகப் பிளவுற்றது. சிறு பிரிவுக்குப் பின்னர் ஆதர் முத்தம்பரா தலைமைதாங்கினார்.

2008 மார்ச் 29ஆந் திகதித் தேர்தலே இக்கதையின் திருப்பம். ஆபிரிக்கத் தென்பகுதி நாடுகளின் அபிவிருத்திச் சமூகம் 2007இல் தென்னாபிரிக்கச் சனாதிபதி தாபோ உம்பெக்கியை நடுவராக நியமித்திருந்தது. அவர்முன் நடந்த பேச்சுக்களின் பயனாகத் தேர்தற் சட்டத்தில் ஒரு சிறு மாற்றம் நுழைந்தது: ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவும் அச்சாவடியின் வாயிலிலேயே ஒட்டப்படல்வேண்டும் என்பது அது. எதிர்க்கட்சித் தொண்டர் அம்முடிவுகளைப் படம்பிடித்துத் தாமே கூட்டிக்கொண்டனர். ஆதலின், பாராளுமன்ற முடிவுகளை மறைத்தல் எளிதாயிருக்கவில்லை. 210 உறுப்பினரைக்கொண்ட சபையிற் சுவாங்கிராயின் பிரிவு, பிற்போடப்பட்ட தொகுதிகளையுஞ் சேர்த்து 100 இடங்களையும், சானு 99 இடங்களையும், முத்தம்பரா பிரிவு 10 இடங்களையும் பெற்றன. ஓரிடஞ் சுயேச்சைக்குச் சென்றது. சனாதிபதித் தேர்தலின் முடிவோ ஐந்து வாரங்கள் தாமதித்தே வெளியாயிற்று. சுவாங்கிராய்க்கு 47.9 வீதமும் முகாபேக்கு 43.2 வீதமும் கிடைத்ததாக அறிவித்தனர். அரைப்பங்கை எவரும் எய்தாமையால் யூன் 27ஆந் திகதி மறுவாக்கெடுப்பு நிகழவேண்டியதாயிற்று.

இடைக்காலத்தில் நாட்டுப்புறங்களில் எதிர்க்கட்சியினர் அடிக்கப்பட்டனர்; வீடுகள் எரிக்கப்பட்டன. தன் ஆதரவாளருள் எண்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என இயக்கம் கூறியது. யூன் 22ஆந் திகதி சுவாங்கிராய் போட்டியிலிருந்து விலகி, ஒல்லாந்துத் தூதரகத்திற் புகலடைந்தார். தனித்து ஓடிய பந்தயத்தில் முகாபே 85 வீத வாக்குகளுடன் வென்றதாக அறிவிக்கப்பட்டு, யூன் 29ஆந் திகதி பதவியேற்றார். இத்தேர்தல் மக்களின் விருப்பத்தைக் காட்டவில்லை என அயல்நாட்டுச் சமூகத்தின் நோக்குநர்களே கூறினர். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் யூலை 11ஆந் திகதி கொண்டுவரப்பட்ட தடைத் தீர்மானம் இரசியா, சீனா ஆகியவற்றின் மறுப்பு வாக்குகளால் வீழ்ந்தது. தேர்தல் வழியும் அடைபட்டது. உலகமன்ற வழியும் அடைபட்டது. எஞ்சியது பேச்சு வழி ஒன்றே.

உடன்பாடும் அதன் குறையும்

செப்ரெம்பர் 15ஆந் திகதி ஹராரே நகரில் மூன்று கட்சித் தலைவரும் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டனர். முகாபே சனாதிபதியாக நீடிப்பார். அமைச்சரவைக்கு அவரே தலைமைதாங்குவார். சுவாங்கிராய் பிரதமராகி, அமைச்சர் மன்றம் என்னும் மற்றோர் அவைக்குத் தலைமைதாங்குவார். 31 அமைச்சருள் 15 பேர் சானுவினர், 13 பேர் சுவாங்கிராய் பிரிவினர், 3 பேர் முத்தம்பரா பிரிவினர். இரு எதிர்ப்பிரிவுகளுஞ் சேர்ந்தால் ஓரிடம் மிகும்.

தொகை தெளிவாயிருந்தது. ஆயின், எந்த அமைச்சு எவர்க்கு என்பது அவ்வுடன்பாட்டிற் கூறப்படவில்லை. பாதுகாப்பு, உள்நாடு, நீதி, நிதி ஆகிய நான்கும் ஒரு நாட்டின் முதுகெலும்பு. ஏனையவற்றுட் பல அணிகலன் போன்றவை. முதுகெலும்பைப் பங்கிடாது தலைகளை மாத்திரம் எண்ணிப் பங்கிட்ட உடன்பாடு அது. ஒக்ரோபர் நடுப்பகுதிக்குச் சற்றுமுன்னர், பாதுகாப்பு, உள்நாடு, நீதி, வெளிநாடு, தகவல், உள்ளூராட்சி முதலியன தம் கட்சிக்கே என்னும் பட்டியலை முகாபே தாமாகவே வெளியிட்டார். பேச்சு அங்கே நின்றது.

இக்குறையை எதிர்க்கட்சித் தலைவர்கள் அறியாதிருந்தனர் என்றல் பொருந்தாது. கைச்சாத்தின்பின் நல்லெண்ணம் பிறக்கும் எனவும், நடுவரின் செல்வாக்கு எஞ்சியதை முடித்துவைக்கும் எனவும் அவர்கள் நம்பியிருத்தல்வேண்டும். அந்நம்பிக்கை ஒரு வாரமே நின்றது. செப்ரெம்பர் 21ஆந் திகதி உம்பெக்கி, தம் கட்சியின் வற்புறுத்தலால், தம் பதவியையே துறப்பதாக அறிவித்தார். நடுவராக அவர் தொடர்ந்தாராயினும், ஒரு பேரரசின் தலைவராக அன்று.

வலியறிதல்

ஆட்சியாளரிடம் இருந்த வலிமை வெளிப்படையானது: இராணுவம், பொலிசு, சிறை, வானொலி, அரச நாளிதழ். எதிர்க்கட்சியிடம் இருந்தவை மூன்று.

முதலாவது, பாராளுமன்றம். ஓகஸ்ட் 25ஆந் திகதி நடந்த சபாநாயகர் தேர்தலில் அவ்வியக்கத்தைச் சேர்ந்த லவ்மோர் மோயோ 110 வாக்குகளாலே தெரிவானார். எதிராளிக்குக் கிடைத்தவை 98. சுதந்திரத்தின்பின் சானுவைச் சேராத ஒருவர் அவ்வாசனத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. மேலும், பிரதமர் பதவியை உண்டாக்குதற்கு அரசியலமைப்பைத் திருத்தல்வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. பத்தொன்பதாவது திருத்தம் என வழங்கிய அதனை எதிர்க்கட்சியின் துணையின்றி நிறைவேற்ற முகாபேயால் இயலாது.

இரண்டாவது, பொருளாதாரத்தின் திறவுகோல். 2008 யூலையில் அரசாங்கமே ஒப்புக்கொண்ட விலையேற்றம் ஆண்டுக்கு 23 கோடியே 10 இலட்சம் வீதம். 2009 சனவரியில் ஒரு கோடி கோடி டொலர் முகப்பெறுமதியுள்ள நாணயத்தாள் வெளியிடப்பட்டது. வெளிநாட்டு உதவி இன்றி அந்நாடு எழமுடியாது; எதிர்க்கட்சி உண்மையான பங்குபெற்றாலன்றி மேனாடுகள் உதவமாட்டா.

மூன்றாவது, மறுக்கும் உரிமை. எதிர்க்கட்சி புகாதவரை முகாபேயின் ஆட்சிக்கு நியாயமென்னும் முத்திரை கிடையாது.

இம்மூன்றையும் நுணுகி நோக்கின் ஓருண்மை புலப்படும். மூன்றுந் தடுக்கும் வலிமைகளே. ஆக்கும் வலிமை ஒன்றுமில்லை. பாராளுமன்றத்தாற் சட்டத்தைத் தடுக்கலாம். ஒரு பொலிசு அதிபதியை மாற்ற இயலாது. உதவியைத் தாமதிக்கச் செய்யலாம். ஒரு மூடை மாவை வரவழைக்க இயலாது. தடுக்கும் வலிமை மாத்திரம் உடையவன், தடுக்கப்படும் பொருள் தனக்கும் தேவையாகும்போது, தன்னையே முற்றுகையிட்டவன் ஆகின்றான்.

இடனறிதல்

இயக்கம் தன் வழக்கை எங்கே கொண்டுசென்றது? அயல்நாட்டுச் சமூகத்தின் மன்றுகளுக்கே. ஆட்சியாளர் வலுவுடைய உள்நாட்டுத் தெருக்களை விட்டு, நடுவர் உள்ள இடத்தைத் தேர்ந்தது விவேகமே. ஆயின், அவ்விடத்தின் இயல்பையும் அறிதல்வேண்டும். அங்கே கூடியவர்கள் ஆட்சியிலிருக்கும் தலைவர்கள். முகாபே அவர்களுட் பலர்க்கு விடுதலைப்போர்க்கால மூத்தோர். பொற்சுவானாவின் இயன் காமா ஒருவரே, அவரைச் சனாதிபதியென ஏற்கமறுத்து வெளிப்படையாகப் பேசினார்.

ஒக்ரோபர் 20ஆந் திகதி சுவாசிலாந்திற் கூடிய மூவர் குழுவின் கூட்டத்துக்குச் சுவாங்கிராய் செல்லவில்லை. அரசாங்கம் அவர்க்குக் கடவுச்சீட்டு வழங்காது தற்காலிகப் பயணப் பத்திரமொன்றையே கொடுத்தமை காரணம். தன் நாட்டின் பிரதமராகப் பெயர்குறிக்கப்பட்டவர்க்குக் கடவுச்சீட்டு இல்லை என்பதை அயல்நாடுகள் அனைத்தும் அறியச் செய்ததால் அவர் சிறிது நன்மை பெற்றார் எனலாம். ஆயினும் நவம்பர் 9ஆந் திகதி யொகன்னஸ்பேக்கிற் கூடிய தலைவர்கள், உள்நாட்டமைச்சை இரு கட்சிகளும் கூட்டாக நடத்துக எனவும், ஆட்சியை உடன் அமைக்க எனவுந் தீர்ப்புரைத்தனர். இயக்கம் அதனை மறுத்தது. ஓர் உறைக்குள் இரு வாள் எனும் வழக்குக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆயின், தான் நாடிச்சென்ற நடுவரின் தீர்ப்பையே மறுக்க நேர்ந்தமையால், இயக்கம் மேன்முறையீடு செய்தற்கு வேறிடம் இன்றி நின்றது.

காலமறிதல்

நவம்பர் முதல் சனவரி வரை கழிந்த காலமே இவ்வரலாற்றின் நடுப்பகுதி. காலந் தாழ்த்தல் தனக்கே நன்மையெனச் சில மாதம் இயக்கம் எண்ணியது. நாணயம் அழிகின்றது, ஊதியமின்றிச் சிப்பாய்களும் முணுமுணுக்கின்றனர், டிசெம்பர் 1ஆந் திகதி ஹராரே வீதிகளிற் சிப்பாய்களே கலகஞ் செய்தனர். ஆட்சி தானே சரிந்துவிடும் என எதிர்பார்த்தல் இயல்பு.

ஆனால், சரிந்தது ஆட்சியன்று, நாடே. ஓகஸ்ட்டில் தொடங்கிய கொலரா நோய், குழாய்நீர் நின்ற நகரங்களிற் பரவியது. அந்நோய் ஓய்ந்தபோது ஏறத்தாழ 100,000 பேர் நோயுற்று, 4,000க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அரச மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஊதியத்தாற் பேருந்துக் கட்டணமும் செலுத்த இயலாத ஆசிரியர் பள்ளிக்கு வரவில்லை. சுதந்திரத்தின்பின் கல்வியிற் புகழ்பெற்றிருந்த அந்நாட்டின் அரசாங்கப் பள்ளிகள் அவ்வாண்டிற் பெரும்பாலும் இயங்கவில்லை. இழந்த ஓராண்டை எந்த உடன்படிக்கையும் அம்மாணவர்க்கு மீட்டுக்கொடுக்காது என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் நன்கறிவர். டிசெம்பர் 3ஆந் திகதி அமைதி இயக்கத் தலைவி யெஸ்ரினா முக்கோக்கோ தம் இல்லத்திலிருந்து கடத்தப்பட்டார். கட்சித் தொண்டர் பலரும் அவ்வாறே மறைந்தனர். இதனிடையே முகாபே மத்திய வங்கி ஆளுநராகக் கிடியன் கோனோவை மீண்டும் நியமித்தார். சட்டமா அதிபராக யொஹானெஸ் ரொமானாவை அமர்த்தினார். பேச்சு நின்ற ஒவ்வொரு மாதத்திலும், பின்னர்ப் பங்கிடவேண்டிய பொருள்களில் ஒன்று முன்னரே எடுக்கப்பட்டது.

இதனாற் பெறப்படும் உண்மை யாது? தேக்கம் இரு சாரார்க்கும் சமனாக வருத்தந் தருவதில்லை. ஆட்சியிலிருப்போன் தேக்கத்திலும் ஆள்கின்றான், நியமனங்கள் செய்கின்றான், சிறைகளின் திறவுகோலை வைத்திருக்கின்றான். எதிர்க்கட்சியின் சொத்தோ மக்களின் நம்பிக்கை ஒன்றே. பசியும் நோயும் அச்சொத்தையே முதலில் அரிக்கின்றன. மக்கள் துன்பத்தை ஆட்சியாளன் தாங்குவான், ஏனெனில் அது அவனைச் சுடாது. மக்களின் பெயராற் பேசும் கட்சி அதனைத் தாங்கமாட்டாது. முகாபே இதனை அறிந்திருந்தார்.

2009 சனவரி 27ஆந் திகதி பிரிற்றோரியாவில் முடிவுற்ற கூட்டத்தில் அயல்நாட்டுத் தலைவர்கள், பெப்ரவரி 11க்குள் பிரதமர் பதவியேற்றல்வேண்டும் என நாள் குறித்தனர். சனவரி 30ஆந் திகதி இயக்கத்தின் தேசிய சபை ஆட்சியிற் சேர இசைந்தது. கட்சிக்குள் எதிர்த்துரைத்தோரும் இருந்தனர். பெப்ரவரி 5ஆந் திகதி பத்தொன்பதாவது திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உள்நாட்டமைச்சுக்கு கெம்போ மொகாடி, கைல்ஸ் முற்செக்வா என இரு அமைச்சர் நியமனம் பெற்றனர். நவம்பரில் மறுத்ததையே பெப்ரவரியில் ஏற்றனர். இடையில் மூன்று மாதங்களும் பல்லாயிரம் நோயாளரும் கழிந்திருந்தனர்.

ஓர் ஒப்புநோக்கு

உள்நாட்டமைச்சை இழந்து நிதியமைச்சைப் பெற்ற மற்றொரு கட்சியை வரலாறு அறியும். இந்தியாவில் 1946 செப்ரெம்பர் 2ஆந் திகதி நேருவின் தலைமையில் இடைக்கால அரசாங்கம் அமைந்தபோது முஸ்லிம் லீக் வெளியே நின்றது. ஒக்ரோபர் இறுதியில் உள்ளே புகுந்தது. உள்நாட்டமைச்சைப் பட்டேல் விட்டுக்கொடுக்க இசையாமையால், லியாக்கத் அலிகான் நிதியமைச்சரானார் என்பதை அபுல் கலாம் ஆசாத் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். நிதியமைச்சு எத்துணை வலியது என்பதைக் காங்கிரசுத் தலைவர்கள் பின்னரே உணர்ந்தனர். ஏனைய அமைச்சுகளின் ஒவ்வொரு செலவும் லியாக்கத்தின் மேசையைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. 1947 வரவுசெலவுத் திட்டத்தில் அவர் விதித்த இலாபவரி காங்கிரசுக்கு நெருங்கிய வணிகரைத் தாக்கியது.

இரு நிகழ்ச்சிகளும் தோற்றத்தில் ஒத்தன, நோக்கத்தில் வேறு. லீக் கூட்டாட்சி நடைபெறாது என்பதை மெய்ப்பிக்கவே புகுந்தது. ஆதலின் நிதியமைச்சு அதன் கையில் தடையாயிற்று. சிம்பாப்வே இயக்கமோ கூட்டாட்சி நடைபெறவேண்டும் எனப் புகுந்தது. நிதியமைச்சரான தெண்டாய் பிற்றியின் கையில் அது மருந்தாயிற்று. ஒரே கருவி, பிடித்தவரின் குறிக்கோளுக்கேற்ப இருவகைப் பயன் தந்தது. எந்த அமைச்சைப் பெறுவது என வாதிடுமுன், எதற்காக உட்புகுகின்றோம் என்பதைத் தெளிதல் முற்படவேண்டியதென்பது இவ்வொப்பினாற் பெறப்படும்.

உட்புகுந்தபின்

வெளிநாட்டு நாணயங்களின் புழக்கத்துக்குப் பழைய அரசாங்கமே சனவரி இறுதியில் இசைந்துவிட்டது. பிற்றி அதனை உறுதிப்படுத்தி, வந்த வருவாய்க்குள் செலவை அடக்கினார். அரச ஊழியர்க்கு மாதம் நூறு அமெரிக்க டொலர் கொடுக்கப்பட்டது. ஆசிரியர் பள்ளிக்குத் திரும்பினர், கடைகளிற் பண்டங்கள் தோன்றின, விலையேற்றம் நின்றது. நூறு டொலர் சிறுதொகை எனக் கூறுதல் எளிது. அத்தொகையால் வகுப்பறைக் கதவுகள் திறந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் பொலிசும் படையும் பழைய கைகளிலேயே இருந்தன. புதிய அமைச்சர் உறுதிமொழி செய்த பெப்ரவரி 13ஆந் திகதியே, விவசாய உதவியமைச்சராக இயக்கம் பெயர்குறித்திருந்த றோய் பெனற் கைதுசெய்யப்பட்டார். அவர் அப்பதவியை ஒருபோதும் ஏற்க முடியவில்லை. ஒக்ரோபரில் இயக்கத்தின் அமைச்சர் சில வாரம் அமைச்சரவையைப் புறக்கணித்துப் பின் திரும்பினர். 2013 மார்ச்சில் மக்கள் ஒப்பிய புதிய அரசியலமைப்பு இக்கூட்டாட்சியின் நிலைத்த பயன்களுள் ஒன்று. சனாதிபதிக்கு இரு தவணை என வரையறுத்தது அதுவே. எனினும் அதே ஆண்டு யூலை 31ஆந் திகதித் தேர்தலில் முகாபேக்கு 61 வீதமும் சுவாங்கிராய்க்கு 34 வீதமும் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. வாக்காளர் இடாப்பின் குறைகளை இயக்கம் எடுத்துக்காட்டிற்று, முடிவு மாறவில்லை. முகாபேயை 2017 நவம்பரிற் பதவியிலிருந்து இறக்கியது எதிர்க்கட்சியன்று, அவருடைய படையே. சுவாங்கிராய் 2018 பெப்ரவரியிற் காலமானார்.

முடிவுரை

உட்புகுந்ததே பிழையென முடிவுகூறுவோர் உளர். அவர்கள் 2013இலிருந்து 2009ஐப் பார்க்கின்றனர். கொலரா பரவிய அச்சனவரியில் வெளியே நின்றிருப்பின் கட்சி தூய்மையாயிருந்திருக்கும்; நாடு எழுந்திருக்குமா என்பதே வினா. காத்திருந்ததே பிழையென்போரும் உளர். உள்நாட்டமைச்சைக் கேட்டது வீம்பன்று, அடிபட்ட தொண்டர்க்குச் செய்யவேண்டிய கடமை என்பதை அவர்கள் மறக்கின்றனர்.

எம் கருத்தில், தவறு செப்ரெம்பர் 15ஆந் திகதியில் உள்ளது. மக்கள் தீர்ப்பு, பாராளுமன்றப் பெரும்பான்மை, மறுவாக்கெடுப்பைக் கண்டித்த அயலாரின் சொல் ஆகிய மூன்றும் ஒருங்கே கையிலிருந்த நாள் அது. கைச்சாத்திடுமுன் பெறக்கூடியதைக் கைச்சாத்தின்பின் பெறலாம் என இயக்கம் எண்ணியது. கைச்சாத்தினால் முகாபேயின் பதவி ஒப்புக்கொள்ளப்பட்டது. நடுவர்க்குப் பணி முடிந்ததாயிற்று. எஞ்சிய பிணக்கு அவர்கள் கண்ணிற் சில்லறைப் பிணக்காயிற்று. வலியை அறிந்திருந்தனர், இடத்தையும் ஓரளவு அறிந்திருந்தனர். காலத்தை அறிவதிற் பிந்தினர். பங்கீட்டைப் பேசும் கட்சி எதுவும் முதலிற் கேட்கவேண்டிய வினா, எத்தனை அமைச்சு என்பதன்று. பேச்சு நின்றால் யார் ஆள்வர், யார் சாவர் என்பதே. அவ்வினாவுக்கு விடையை எழுத்தில் வாங்காது ஒப்பமிடுவோர், பின்னர் அதனை மக்களின் உயிரால் எழுதநேரும்.